எல்லைச் சட்டத் திருத்தம் திரும்பி வருவோரிலிருந்து தொடங்கட்டும்

குடிவரவு குடியகல்வு முறைமையைச் சீர்திருத்துவது பற்றிக் கொழும்பில் பேச்சு எழும்போதெல்லாம் அது சுற்றுலா விசா, கடவுச்சீட்டு வரிசை, கட்டுநாயக்க விமான நிலைய நெரிசல் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. அவையும் பேசப்பட வேண்டியவைதான். ஆனால் மன்னார் பெருநிலப்பரப்பிலோ முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ வாழும் ஒருவருக்கு இந்தப் பேச்சைக் கேட்டதும் நினைவுக்கு வருவது வள்ளத்தில் ஏறி இந்தியாவுக்குப் போன அண்ணனும், தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமில் பிறந்த மருமகளும், வரவேண்டும் என்று ஆசைப்பட்டும் வழக்குக்குப் பயந்து அங்கேயே இருந்துவிட்ட பெரியம்மாவும்தான். வன்னியிலுள்ள ஒரு பிரதேச செயலகத்தில் நெடுங்காலம் எழுதுவினைஞராகக் கடமையாற்றி ஓய்வுபெற்றவன் நான். இந்தியாவிலிருந்து மீண்டு வந்த குடும்பங்களின் விண்ணப்பங்கள் என் மேசையில் எவ்வளவு காலம் கிடந்தன, ஏன் கிடந்தன என்பதை அறிந்தவன் என்ற முறையில், இந்தச் சட்டத்தைத் திருத்துவதானால் எங்கே கைவைக்க வேண்டும் என்பதை எழுதிவைக்க விரும்புகிறேன்.

நடைமுறையில் இருப்பது 1948 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம். அதே ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு சேர்த்தே அதை வாசிக்க வேண்டும். பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டங்களில் உழைத்த இலட்சக்கணக்கான இந்திய வம்சாவளித் தமிழரை நாடற்றவராக்கியது. குடிவருவோர் சட்டம் அவர்கள் வந்துபோகும் வழியை இறுக்கியது. அந்த வழி வன்னிக்கூடாகச் சென்ற வழி. தோட்டங்களுக்கு ஆள் பிடித்துவந்த ஆரம்ப காலத்தில், தலைமன்னாரிலும் அதை அண்டிய கரைகளிலும் இறங்கியவர்கள் வன்னிக் காட்டை ஊடறுத்து மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். 1914 இல் தலைமன்னார் வரை ரயிலும் அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலும் ஓடத் தொடங்கியபின் பயணம் இலகுவானது. ஆனால் கடலுக்கு அப்பால், மண்டபத்தில், இலங்கை அரசாங்கம் நடத்திய முகாமில் தங்கவைத்து நோய்ச் சோதனை முடித்த பிறகே தொழிலாளர் ஏற்றப்பட்டனர். அவர்களின் சந்ததியினரிற் பலர் 1977 வன்செயலில் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். யுத்தம் மூண்டதும் அவர்களும், இங்கேயே பரம்பரையாக வயல் செய்தவர்களும், கரைவலை இழுத்தவர்களும் ஒரே வள்ளங்களில் அக்கரைக்குப் போனார்கள். அவர்களைப் பதிந்து ஏற்றுக்கொண்ட இடம் அதே மண்டபம் முகாம். பூட்டன் இலங்கைக்கு வருவதற்காகச் சோதிக்கப்பட்ட இடத்தில் பூட்டப்பிள்ளை இலங்கையிலிருந்து ஓடிவந்தவராகப் பதியப்பட்ட குடும்பங்கள் வன்னியில் இருக்கின்றன. எல்லைக் கொள்கை எழுதுவோர் இந்த ஊர்களில் ஒருநாளேனும் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இனிச் சட்டத்தின் முள்ளுக்கு வருவோம். அங்கீகரிக்கப்பட்ட துறைமுகமோ விமான நிலையமோ அல்லாத இடத்தால், செல்லுபடியாகும் கடவுச்சீட்டின்றி நாட்டைவிட்டு வெளியேறுவது குற்றம். அதற்கு ஐந்து வருடம் வரை சிறையும் இரண்டு இலட்சம் ரூபா வரை தண்டமும் விதிக்க இடமுண்டு. அவுஸ்திரேலியாவுக்குப் படகேறித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நீர்கொழும்பு நீதவான் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டது இந்தச் சட்டத்தின் கீழேயே; பெரும்பாலானோர் தண்டப்பணத்தோடு தப்பினார்கள் என்பது உண்மை. ஆனால் 1990 ஜூனில் யுத்தம் மறுபடி மூண்டபோது விடத்தல்தீவிலிருந்தும் பேசாலையிலிருந்தும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இரவோடிரவாகக் கடலில் இறங்கிய ஒரு தாயிடம், ஏன் கொழும்புக்குப் போய்க் கடவுச்சீட்டு எடுக்கவில்லை என்று எந்த நீதவான் கேட்க முடியும்? பாதை மூடிக் கிடந்தது, ஷெல் விழுந்துகொண்டிருந்தது. சட்டத்தின் எழுத்தில் மட்டும் அவர் குற்றவாளி.

2025 மே மாதத்தில் இது வெறும் எழுத்தாக இருக்கவில்லை. ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான உயர் ஸ்தானிகராலயத்தின் ஏற்பாட்டில், உரிய பயண ஆவணத்தோடு தமிழ்நாட்டிலிருந்து திரும்பிய முதியவர் ஒருவர் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தில் இறங்கியதும், முன்னொரு காலத்தில் சட்டவிரோதமாக வெளியேறினார் என்று கைதுசெய்யப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டார். எதிர்ப்பு எழுந்தது, அவர் விடுவிக்கப்பட்டார், இருக்கும் சட்டத்தை அதிகாரிகள் இயந்திரமாகப் பிரயோகித்துவிட்டார்கள், அது மாற்றப்பட வேண்டும் என்று அரசாங்கத் தரப்பிலிருந்தே சொல்லப்பட்டது. ஆனால் அந்தச் செய்தி தமிழ்நாட்டு முகாம்களில் ஒரே நாளில் பரவியிருக்கும் என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. திரும்புவதற்குப் பெயர் கொடுத்துவிட்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்த எத்தனை வீடுகளில் அந்த மூட்டை அவிழ்ந்திருக்கும்!

நமது அரசியலமைப்பின் 14(1) ஆம் உறுப்புரை, இலங்கைக்குத் திரும்பி வருவதற்கான சுதந்திரம் ஒவ்வொரு பிரஜைக்கும் உண்டு என்கிறது. அடிப்படை உரிமையாக எழுதிவைத்த ஒன்றைப் பயன்படுத்திய வேளையிலேயே ஒருவரைக் கைதுசெய்யும் நிலைமை எந்த நியாயத்திலும் அடங்காது. அதே 2025 செப்டெம்பரில் இந்தியா தனது புதிய குடிவரவு, வெளிநாட்டினர் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, 2015 ஜனவரி 9 ஆம் திகதி வரையில் வந்து தஞ்சமடைந்து பதிவு செய்துள்ள இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமைக்கான தண்டனை ஏற்பாடுகளிலிருந்து விலக்களித்தது. அந்நிய நாடு தன் மண்ணுக்குள் களவாக நுழைந்ததை மன்னித்திருக்க, சொந்த நாடு தன் மண்ணிலிருந்து உயிர் தப்பி ஓடியதை மன்னிக்காமல் இருக்கிறது. இதற்கு மேல் விளக்கம் தேவையா?

ஆகவே முதற் திருத்தம் தெளிவானது. 1983 ஜூலை முதல் 2015 ஜனவரி 9 வரை நாட்டைவிட்டு வெளியேறி அகதியாகப் பதிவு பெற்ற எவரும், வெளியேறிய விதத்துக்காகக் குற்றஞ்சாட்டப்படக்கூடாது என்று சட்டத்திலேயே ஒரு பிரிவு சேர்க்கப்பட வேண்டும். சுற்றுநிருபம் போதாது. சுற்றுநிருபத்தை அடுத்த செயலாளர் வந்து நிறுத்தலாம். விமான நிலையத்தில் இரவுக் கடமையில் இருக்கும் உத்தியோகத்தரின் கண்ணுக்கு அது எட்டாமலே போகலாம். சட்டப் பிரிவு என்றால் அவருக்கும் பாதுகாப்பு, வருபவருக்கும் பாதுகாப்பு. திகதியை இந்தியா வைத்த திகதியோடு ஒத்துவைக்கச் சொல்வதற்குக் காரணம், இரு கரையிலும் ஒருவரின் தகுதி ஒரே அளவுகோலால் தீர்மானிக்கப்பட்டால்தான் நடுவில் எவரும் விழுந்துபோகமாட்டார்கள் என்பதே.

2022 இல் பொருளாதாரம் சரிந்தபோது போனவர்களின் கதை வேறு. அந்த மார்ச் மாதத்தில் குழந்தைகளோடு சென்ற ஒரு தொகுதியினரைப் படகோட்டி தனுஷ்கோடியை அடுத்த அரிச்சல்முனைக்கு அப்பாலுள்ள மணல் திட்டொன்றில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட, இந்தியக் கரையோரக் காவற்படை போய் மீட்டது. இவர்கள் ஷெல்லுக்குத் தப்பியவர்கள் அல்லர் என்று வாதிடலாம். ஆனால் பால்மாவும் மண்ணெண்ணெயும் இல்லாமல் போனவர்களைச் சிறையில் அடைப்பதால் நாட்டுக்கு என்ன இலாபம்? அவர்களுக்கு ஒரு பெயரளவுத் தண்டம் போதும் என்பது என் கருத்து. காசை வாங்கிக்கொண்டு குழந்தைகளை மணல் திட்டில் விட்டுவந்தவன்தான் சட்டத்தின் முழுப் பாரத்தையும் சுமக்க வேண்டியவன். ஓடுபவரையும் ஓட்டுபவனையும் ஒரே அத்தியாயத்தில் வைத்திருப்பதால்தான் நீதிமன்றங்கள் பயணிகளால் நிரம்புகின்றன, தரகர்கள் வெளியே திரிகிறார்கள்.

கடல் எல்லையைக் காக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கஞ்சாவும் ஹெரோயினும் எந்தக் கரையால் இறங்குகின்றன என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாலே தெரியும். இழுவைமடிப் படகுகள் முல்லைத்தீவு, மன்னார் மீனவரின் வலைகளை அறுத்துப் போவதையும் நாங்கள்தான் அனுபவிக்கிறோம். கடற்படையின் கண்ணும் எரிபொருளும் அங்கே செலவாகட்டும்.

அடுத்தது ஆவணங்கள். இதுதான் நான் அருகிருந்து பார்த்த பகுதி என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். திரும்பி வந்த ஒரு தாய் கொண்டுவரும் பொலித்தீன் பையில் வழக்கமாக இருப்பவை: முகாமில் கொடுத்த குடும்ப அட்டை, பிள்ளைகளின் தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழ்கள், பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழ், சென்னையிலுள்ள இலங்கைப் பிரதி உயர் ஸ்தானிகராலயம் தந்த தற்காலிகப் பயண ஆவணம். இவற்றைப் பரப்பி வைத்துப் பார்த்தால் ஒரே மனிதருக்கு மூன்று பெயர் இருக்கும். தகப்பனின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் முழுப்பெயர் இரண்டு சொல்லாக நீண்டிருக்கும். முகாம் அட்டையில் கூப்பிடும் பெயர் மட்டும் இருக்கும். பிள்ளையின் சான்றிதழில் அந்தக் கூப்பிடும் பெயரின் முதலெழுத்து, தமிழ்நாட்டு வழக்கப்படி, இனிஷியலாக ஏறியிருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒவ்வொன்றிலும் வேறு. தகப்பனின் மூலப் பதிவைத் தேடலாமென்றால், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பதிவேடுகள் யுத்தத்தில் எரிந்தும் தொலைந்தும் போயின. பிறகு சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், பெயர் திருத்தத்துக்கு விண்ணப்பம், அது வரும்வரை பிரஜாவுரிமைச் சான்றிதழ் இல்லை, அது இல்லாமல் தேசிய அடையாள அட்டை இல்லை. கா.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை கேட்கும் வயதில் வந்த பிள்ளைக்கு இந்தத் தாமதம் என்ன செய்யும் என்பதை வகுப்பாசிரியர்கள் அறிவார்கள்.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும், நியாயமான காரணம் இருந்தால் பிந்தியும் பதியலாம் என்பது சட்டம். 2003 இல் வந்த திருத்தத்துக்கு முன்னர் தாய் வழியாக அந்தப் பிரஜாவுரிமை கிடைக்கவும் இல்லை. முகாமை விட்டு வெளியே போவதற்கே அனுமதி கேட்க வேண்டியிருந்த காலத்தில், திருநெல்வேலி முகாமிலிருந்தோ ஈரோட்டு முகாமிலிருந்தோ பஸ் ஏறிச் சென்னைக்குப் போய்க் கூலி நாளை இழந்து பதிவு செய்தவர்கள் சிலரே. அதிகாரிகள் முகாம்களுக்குப் போக வேண்டும்; நடமாடும் சேவை என்று நாம் இங்கே கிராமங்களில் நடத்துவதையே அங்கே மாவட்டம் மாவட்டமாக நடத்தலாம். தமிழ்நாட்டு அரசின் கணக்கில் முகாம்களில் மட்டும் ஏறக்குறைய 58,000 பேர் இருக்கிறார்கள்; முழுப் பட்டியலும் அவர்கள் கையில் இருக்கிறது. பெயர் வேறுபாடுகளைத் தீர்க்க ஒரே படிவம் போதும்: இந்த மூன்று பெயரும் ஒருவரே என்று கிராம அலுவலரும் பிரதேச செயலாளரும் உறுதிப்படுத்தினால் எல்லாத் திணைக்களமும் ஏற்க வேண்டும் என்று விதியாக்கினால், ஒரு குடும்பத்தின் இரண்டு மூன்று வருட அலைச்சல் தீரும். பிரஜாவுரிமைச் சான்றிதழ் வழங்கும் அதிகாரத்தையும் வவுனியாவிலுள்ள பிராந்திய அலுவலகத்துக்கு முழுமையாகக் கொடுத்துவிட வேண்டும். ஒரு கையொப்பத்துக்காகப் பத்தரமுல்லைக்கு இரவு பஸ்ஸில் போகும் செலவு, வந்த புதிதில் கூரைத் தகடு வாங்க வைத்திருந்த காசிலிருந்தே போகிறது.

திரும்புவோருக்கான பயணமும் இத்தோடு சேர்ந்ததே. விமானத்தில் அனுமதிக்கும் நிறைக்குள் முப்பது வருட வாழ்க்கை அடங்காது. தையல் இயந்திரம், மாவரைக்கும் கிரைண்டர், மகன் உழைத்து வாங்கிய மோட்டார் சைக்கிள், எல்லாவற்றையும் பாதி விலைக்கு விற்றுவிட்டு வரச் சொன்னால் யார் வருவார்? 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடியது. 2024 டிசெம்பரில் இரு நாட்டுத் தலைவர்களும் வெளியிட்ட கூட்டறிக்கையில் இராமேஸ்வரம்–தலைமன்னார் சேவையை மீளத் தொடங்குவதும் இடம்பெற்றிருக்கிறது. அது உல்லாசப் பயணிகளுக்காக மட்டும் தொடங்கப்படக்கூடாது. திரும்புவோருக்கென்று தனிப் பயணங்கள் ஒதுக்கி, தலைமன்னார் இறங்குதுறையிலேயே குடிவரவு, பதிவாளர், ஆட்பதிவு, சுங்கம் ஆகிய நான்கு பகுதியினரையும் ஒரே கூடத்தில் இருத்தினால், ஒரு குடும்பம் கையில் பத்திரங்களோடு ஊருக்குப் போகலாம்.

ஊர் என்றவுடன் காணி வருகிறது. கைவிடப்பட்ட வயல்களில் பற்றை மண்டி, அதைக் காடென்று வனத்திணைக்களம் எல்லைக்கல் போட்டிருக்கும் இடங்கள் வன்னியில் பல. அது இன்னொரு நீண்ட கட்டுரைக்குரிய விடயம். இங்கே ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். திரும்புவோரின் அனுமதிப்பத்திரக் காணிகள் எவை என்பதைக் கப்பல் புறப்படுமுன்னரே பிரதேச செயலகம் பார்த்து முடிக்க வேண்டும். முன்னொருமுறை அப்படிச் செய்யாததன் விளைவு சிதம்பரபுரம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பங்கள் சொந்த ஊருக்குப் போக முடியாமல் வவுனியாவின் அந்த முகாமில் வருடக்கணக்காக முடங்கின. வெளியே போய்வரப் பாஸ் வேண்டும். அந்த முகாமில் இருந்த ஒருவர் வழக்குத் தொடுத்து, பாஸ் மறுத்தது நடமாடும் சுதந்திரத்தை மீறியது என்று உச்ச நீதிமன்றம் 2002 இல் தீர்ப்பளிக்கும்வரை அது நீடித்தது. எங்கள் தலைமுறைக்கு எல்லை என்பது கடலில் மட்டும் இருந்ததில்லை. ஓமந்தையில் இராணுவத்திடமும் புளியங்குளத்தில் விடுதலைப் புலிகள் இயக்கத்திடமும் ஒரே பயணத்தில் இரண்டு தரம் பையைத் திறந்து காட்டி, இரண்டு தரம் பெயரும் காரணமும் சொல்லி நடந்தவர்கள் நாங்கள். கடதாசி இல்லாதவன் என்று வரிசையிலிருந்து விலக்கி நிறுத்தப்படுவதன் அர்த்தம் எங்களுக்கு விளங்கும்.

அதனால்தான் 2024 டிசெம்பர் 19 அன்று முள்ளிவாய்க்கால் கரையில் ரோஹிங்கியா மக்களின் படகு வந்தபோது ஊரவர் சோறும் தண்ணீரும் கொண்டு ஓடினார்கள். நூறுக்கும் மேற்பட்டோர், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருந்தனர். கடற்படை அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுசென்றது. பின்னர் கேப்பாப்புலவு விமானப்படை முகாமில் தங்கவைத்தார்கள். தமது காணியை விடுவிக்கக் கோரி 2017 இல் மக்கள் தெருவில் அமர்ந்திருந்த அதே கேப்பாப்புலவு. அவர்களைத் திருப்பி அனுப்பக்கூடும் என்ற பேச்சு வந்ததும் முல்லைத்தீவில் எதிர்ப்புப் போராட்டமும் நடந்தது. 2009 இல் அந்தக் கரையில் நின்றவர்கள் செய்த போராட்டம் அது. அதைவிட வலுவான கொள்கை விளக்கம் எனக்குத் தெரியவில்லை. இலங்கை 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை. தஞ்சம் கேட்டு வருபவருக்கென்று நம்மிடம் சட்டமே இல்லை. வேலை செய்யவும் அவர்களுக்கு அனுமதியில்லை. ஆனால் 1994 இல் நாம் இணைந்த சித்திரவதைக்கு எதிரான சமவாயம், சித்திரவதை காத்திருக்கும் நாட்டுக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக்கூடாது என்கிறது. அந்தக் கடமையைக் குடிவருவோர் சட்டத்துக்குள் ஒரு பிரிவாக எழுதி, கோரிக்கையை விசாரிக்கச் சுயாதீனமான ஒரு சபையும், விசாரணை முடியும்வரை தங்கவும் கூலிவேலை செய்யவும் பிள்ளைகள் படிக்கவும் அனுமதியும் கொடுத்தாலே போதுமானது. தன் மக்களுக்கு அக்கரையில் நல்ல நடத்தையை எதிர்பார்க்கும் நாடு தன் கரையில் அதைச் செய்துகாட்ட வேண்டும்.

இந்தியாவிலேயே தங்க விரும்புவோரையும் விட்டுவிட முடியாது. அங்கே பிறந்து, அங்கே படித்து, அங்கே மணம்முடித்த பிள்ளைகளிடம் ஊருக்கு வாருங்கள் என்று வற்புறுத்த எவருக்கும் உரிமையில்லை. 2019 ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று நாட்டவரை மட்டும் எடுத்துக்கொண்டு இவர்களைத் தவிர்த்தது பெரும் அநீதி. 1987 ஜூலை 1 இற்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பால் இந்தியக் குடிமகன் என்ற சட்டத்தின்படி, 1986 இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் சென்று கடவுச்சீட்டுப் பெற்று 2024 தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தார். அந்தத் தகுதியுடைய மற்றவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கத் தேவையான பதிவுகளை இலங்கைத் தூதரகம் கேட்காமலே கொடுத்துதவ வேண்டும். அதற்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டியதில்லை.

நிருவாகத்தைப் பற்றி ஒரே குறிப்பு. 2024 இல் விசா வழங்கும் சேவை வெளிநாட்டு நிறுவனக் கூட்டொன்றிடம் கொடுக்கப்பட்டு, உச்ச நீதிமன்றம் அதை இடைநிறுத்தி, உத்தரவை நிறைவேற்றாத திணைக்களத் தலைவர் விளக்கமறியலுக்குச் சென்றது நாடறிந்தது. திரும்புவோரின் விரலடையாளமும் குடும்ப விபரமும் முகாம் வரலாறும் சேகரிக்கப்படும்போது அவை எந்தத் தனியார் கணினியிலும் கிடக்கக்கூடாது என்பதையும், குடிவரவு நோக்கத்துக்கு அப்பால் எந்தப் புலனாய்வுப் பிரிவுக்கும் கொடுக்கப்படக்கூடாது என்பதையும் புதிய சட்டம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வீடு தேடி வந்து விசாரிப்பார்கள் என்ற பயம், வழக்குப் பயத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல.

திருத்தச் சட்டவரைவு நிறைவேறுமுன் பாராளுமன்ற மேற்பார்வைக் குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். அந்த அமர்வுகளில் ஒன்று மன்னாரிலும் ஒன்று முல்லைத்தீவிலும் தமிழிலேயே நடைபெற வேண்டும். மண்டபத்திலும் ஏனைய முகாம்களிலும் உள்ளவர்கள் சென்னைத் தூதரகம் வழியாக எழுத்தில் கருத்துச் சொல்ல ஒரு காலம் ஒதுக்கப்பட வேண்டும். வன்னியின் பாராளுமன்ற உறுப்பினர்கள், கட்சி எதுவானாலும், இந்த இரண்டையும் இப்போதே எழுத்தில் கோர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என்னிடமுள்ள பழைய மாதிரிப் படிவங்களையும், எந்தெந்த இடத்தில் விண்ணப்பங்கள் தங்கிப்போயின என்ற குறிப்புகளையும் அந்தக் குழுவுக்கு அனுப்ப ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறேன். திரும்பி வந்த குடும்பங்களில் எவருக்கேனும் தமது அனுபவத்தை அதில் சேர்க்க விருப்பமிருந்தால், பெயர் குறிப்பிடாமல் சேர்த்துக்கொள்வேன்.